வாளியில் இறுகிய எபாக்சி

பிப்ரவரி 3, திங்கள்

தப்பு தரையின் மேல்தான். முதலில் அதை எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நேற்று மாலை காரை ஷெட்டுக்குள் விட்டபோது வண்டி நிற்கவில்லை. நேராகப் போய்ப் பின்சுவரில் முட்டியது. பம்பர் உடைந்து தொங்குகிறது. சுவரில் ஒரு சாண் அளவுக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது. பதினாறு வருஷத்து சிமெண்டுத் தரை, உள்ளங்கையால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. நடுவில் ஆயில் கறை வேறு. டயர் வழுக்காமல் என்ன செய்யும்?

சத்தம் கேட்டு பூங்கொடி ஓடி வந்தாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, பிரேக் புடிச்சீங்களா?" முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனிடம் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது! அதோடு விட்டாளா? "ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு அப்புறம் வண்டி எடுங்களேன்" என்றாள். டாக்டரிடம் எதைக் காட்டுவது, பம்பரையா? தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

தெரு கேட்டதோ இல்லையோ, எதிர்வீட்டு பெனாசிர் கேட்டுவிட்டாள். அவள் மகள் சமீராவும் எங்கள் மிருதுளாவும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். மூன்று வருஷமாக இரண்டு பேரையும் காலை எட்டு மணிக்கு நான்தான் காரில் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். பெனாசிரின் கணவர் மஸ்கட்டில். அவள் வங்கி வேலைக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று பம்பரைப் பார்த்தாள். "அண்ணா, நாளைக்குப் பாப்பாவ அனுப்பலாமுங்களாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. "தரைதாம்மா வழுக்கிருச்சு. தரையவே மாத்திப்போடறேன். நீ கவலப்படாத" என்றேன்.

சொன்னால் செய்ய வேண்டும். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எங்கள் அசெம்பிளி ஹாலில் எபாக்சிப் பிசின் ஊற்றிய பச்சைத் தரை, கண்ணாடி மாதிரி. மணல் தூவிப் போட்டால் வழுக்காது. ஆள் வைக்கப் போவதில்லை, நானே போடுகிறேன். தரை சரியாகிவிட்டால் இந்தப் பேச்சும் நின்றுவிடும். ஸ்டியரிங்கும் என் கையில் இருக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பூங்கொடியும் காரில் ஏறிக்கொண்டாள். உழவர் சந்தைக்காம். ஃப்ரிட்ஜில் முட்டைக்கோசு இரண்டு உருண்டுகொண்டு கிடக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

ஷெட்டைக் காலி செய்தேன். பழைய சைக்கிள், மூன்று பெயிண்ட் டப்பா, மிருதுளாவின் உடைந்த ஊஞ்சல், யார் வீட்டுடையதோ ஒரு குக்கர் மூடி.

பிறகு தரையை ஆராய்ந்தேன். ஒரு சொட்டு நீலம் கலந்த தண்ணீர் எடுத்து, பல இடங்களில் ஒவ்வொரு துளி விட்டேன். நல்ல இடத்தில் ஒன்பது நொடியில் உறிஞ்சிவிட்டது. ஆயில் கறை மேல் ஐந்து நிமிடம் ஆனாலும் முத்தாக நின்றது. அப்படி நின்றால் எபாக்சியும் பிடிக்காது. கதவோரம் ஒரே ஒரு துளி மட்டும் நாற்பது நொடி எடுத்தது. அங்கே கறை எதுவும் இல்லை. ஏன்? குனிந்து மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்! எப்போதோ யாரோ கொட்டியிருக்கிறார்கள். கண்டுபிடித்ததில் அப்படியொரு சந்தோஷம்.

பூங்கொடி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தரைக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் உண்டுங்களா?" என்றாள். நக்கல். இன்றும் சந்தைக்குக் காரில் வந்தாள். கையை ஹேண்ட்பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு உட்காருகிறாள். அது கை வைக்கிற கட்டை இல்லை என்று சொன்னேன். "செரிங்க" என்றாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாடகைக்கு கிரைண்டர் எடுத்துத் தரையைத் தேய்த்தேன். ஐந்து மணி நேரம். மூக்கு, காது, புருவம் எல்லாம் வெள்ளை. மிருதுளா என்னைப் பார்த்து, "அப்பா, கண்ணாடியப் பாக்காதீங்க, பயந்துருவீங்க" என்றாள்.

மேல்பூச்சு போனதும் உள்ளே இருந்த ஜல்லி தெரிந்தது. கருப்பு, சாம்பல், ஒன்றிரண்டு சிவப்பு. கடலை மிட்டாயைக் குறுக்கே வெட்டியது போல இருந்தது. மிருதுளாதான் டேப் பிடித்து அளந்தாள். பதினெட்டு அடி நீளம், பதினொன்று அகலம். பள்ளிக்கூட நோட்டில் கணக்குப் போட்டு எத்தனை கிலோ வேண்டும் என்று சொன்னாள். என்னுடைய கணக்கும் அதேதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. தரையில் ஈரம் இருந்தால் எபாக்சி பின்னால் கொப்பளித்துக்கொண்டு எழும் என்று பெயிண்ட் கடை நந்தகோபால் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு சோதனை உண்டு. பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி விட்டுவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் தாளுக்கு அடியில் வியர்த்திருக்கிறதா என்று தெரியும். மூன்று இடத்தில் ஒட்டிவிட்டேன். இருப்பே கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பூங்கொடி மருதமலைக்குப் போயிருந்தாள். பால் வைத்தேன், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இத்தனைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பால் பாக்கெட்டில் என்னத்தைக் கலக்கிறார்களோ, கண்ணை மூடித் திறப்பதற்குள் பொங்குகிறது. தீய்ந்த நாற்றத்துக்கு மிருதுளா வந்து அடுப்பை அணைத்தாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நாளைக்கு அடிப்பூச்சுக்கு பிரைமர் வாங்க வேண்டும், கூடவே முள் ரோ

மேலே கோடு ஒன்று பக்கத்தின் அடி வரை இழுபட்டிருக்கிறது. கை வழுக்கியிருக்கும். முள் ரோலர் வாங்க வேண்டும் என்று எழுத வந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தாளைப் பிரித்தேன். மூன்றுமே உலர்ந்திருக்கின்றன. நல்ல தரை!

காலையில் சிக்னலில் பின்னால் இருந்த பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். இப்போதெல்லாம் பச்சை விழுவதற்கு முன்பே அடிக்கிறார்கள், பொறுமை என்பது எவனுக்கும் இல்லை. அந்தக் களேபரத்தில் பூங்கொடி கை தவறி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டாள். வண்டி இஞ்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் குழந்தைகள் இருக்கிறார்களே என்று கூடப் பார்க்காமல் அவளைத் திட்டிவிட்டேன். சமீரா வழக்கமாக "தேங்க்ஸ் அங்கிள்" என்பாள். இன்று அதையும் சொல்லாமல் ஓடிவிட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பிரைமர் போட்டாயிற்று. தண்ணீர் மாதிரி இருக்கிறது, தரை மடமடவென்று குடித்துவிட்டது. ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. எழுதி முடித்தால்தான் அடங்கும்.

இன்று மேல் கோட்டிங். பெரிய டப்பாவில் ரெசின், சின்ன டப்பாவில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். இரண்டையும் சேர்த்துக் கலக்கினால் அரை மணி நேரத்துக்குள் தரையில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். வாளியிலேயே வைத்திருந்தால் தானாகச் சூடேறி இறுகிவிடும். காலையிலேயே ஆரம்பித்திருப்பேன். அவிநாசியிலிருந்து பூங்கொடியின் அண்ணன் வந்து, பேசிப் பேசியே பதினொன்றரை ஆக்கிவிட்டார். பிறகு பார்த்தால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டமாம். "பதினாறு வருசம் பொறுத்தீங்க, ஒன்றர மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா?" என்று பூங்கொடி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். சரி, தொலையட்டும் என்று சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

ஒன்றரை ஆனதும் அவளே குரல் கொடுத்தாள். "முடிஞ்சுதுங்க, ஆரம்பிங்க!" ரெசினைக் கொட்டினேன், ஹார்ட்னரைக் கொட்டினேன், டிரில் மெஷினில் துடுப்பை மாட்டிக் கலக்கினேன். அவள் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு உள்ளே போனாள். மிருதுளா சமீரா வீட்டில் இருந்தாள். மூன்று நிமிடம் கலக்கியிருப்பேன். ரோலரை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் வாளியிலிருந்து புகை!

தொட்டால் கை பொசுங்குகிறது. மேலே ஆடை கட்டி, உள்ளே பாறை. வாளியின் அடி உருகிக் கோணிப்போய்விட்டது. மூன்றே நிமிடத்தில்! பூங்கொடி நாற்றத்துக்கு ஓடி வந்து, வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்கிறாள். எனக்கு என்ன? சரக்குதான் கலப்படம்.

உடனே நந்தகோபாலுக்குப் போன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். காலாவதியான ஹார்ட்னரை என் தலையில் கட்டிவிட்டாயா என்று கேட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை மனிதர். குற்றம் செய்தவன் எப்படிப் பேசுவான்?

பிப்ரவரி 24, திங்கள்

சாயங்காலம் நந்தகோபாலே நேரில் வந்தார். வாளியைப் புரட்டிப் பார்த்தார், டப்பாவில் தேதியைக் காட்டினார். ஜனவரியில் தயாரானது. "ண்ணா, தப்பா நெனக்காதீங்க. இந்த வெயிலுக்கு இருவது நிமிசத்துல எறுகும், ஒத்துக்கறேன். மூணு நிமிசத்துல எறுகவே எறுகாதுங்ணா. எத்தன நேரம் வாளியிலயே வெச்சிருந்தீங்க?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"அய்யோ, அப்படிச் சொல்லலீங்ணா."

புது செட் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பேச்சுக்குப் பேச்சு எதற்கு? சோதித்துப் பார்த்துவிடலாம். எத்தனை பம்ப்பைச் சோதித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன், ஒரு டப்பா ஹார்ட்னர் என்னை ஏமாற்றிவிடுமா?

பிப்ரவரி 26, புதன்

வெயில் வீணாகக் கூடாது என்று மத்தியானமே வேலையிலிருந்து வந்துவிட்டேன். ஷெட்டில் வெப்பமானி காட்டியது முப்பத்துநாலு டிகிரி. ஞாயிற்றுக்கிழமையும் அவ்வளவுதான்.

முதல் சோதனை, டம்ளரில் நூறு கிராம். ஒரு மணி நேரம் ஆகியும் தேன் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டாவது, சின்ன வாளியில் ஒரு கிலோ. இருபத்துநான்காவது நிமிடத்தில் கெட்டியானது, இருபத்தெட்டில் லேசாகப் புகை. ஆக, சரக்கு கூடக் கூட வேகமும் கூடுகிறது. ஒரே கலவை, தட்டையாகப் பரப்பினால் சாதுவாக இருக்கிறது, ஒரே இடத்தில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துபோகிறது. எவ்வளவு விசித்திரமான பொருள்! பூங்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருவத்தெட்டுங்களா?" என்றாள். இரண்டு தடவை கேட்டாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று மனதில் வந்த சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை ஹார்ட்னர் தப்பித் தவறி அதிகமாக விழுந்திருந்தால்? இரண்டு மடங்கு ஊற்றிப் பார்த்தேன். அப்போதும் இருபது நிமிடம். கடைசியாக, மனது கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை கலக்கிய அதே நாலு கிலோவை அதே மாதிரி வாளியில் கலந்து, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு எதிரில் உட்கார்ந்தேன்.

மூன்று நிமிடம். ஒன்றுமில்லை. பத்து நிமிடம். ஒன்றுமில்லை. பதினெட்டில் புகைந்தது. ஆனால் அப்போது வாளி உருகவில்லை. அடி உருகிக் கோண அரை மணி நேரம் ஆனது.

பொருளில் குறை இல்லை. கம்பெனியில் இப்படி வந்தால் அறிக்கையில் அடுத்த வரி என்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியும். இயக்கியவரைப் பரிசோதிக்கவும் என்று எழுதுவேன்.

இன்றைக்கு இது போதும்.

மார்ச் 1, சனி

காலை முழுக்க ஷெட்டில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் போனை எடுத்துக் குடும்பக் குழுவைத் திறந்தேன். பூங்கொடி போட்ட படம் அங்கே இருக்கிறது. நான் டிரில்லைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன். கீழே, "நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சு." நேரம் 1.33.

நந்தகோபாலை நான் அழைத்த நேரம் 2.06.

புகையைப் பார்த்த உடனே அழைத்தேன். சத்தியமாக உடனே அழைத்தேன். அப்படியானால் முப்பத்துமூன்று நிமிடம் நான் எங்கே இருந்தேன்?

படத்தையும் அழைப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். போனில் கடிகாரம் தப்பாக இருக்குமோ என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மணி காட்டின. எவ்வளவு கேவலமான ஆள் நான், அந்த நிமிடத்தில்கூட ஒரு கடிகாரத்தின் மேல் பழி போட முடியுமா என்று தேடுகிறேன்.

பூங்கொடி சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை அவள் முன் வைத்தேன். பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எத்தன நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்துங்க. பேசிட்டே இருப்பீங்க, அப்படியே நின்னுருவீங்க. கண்ணு தொறந்துதான் இருக்கும். வாய மட்டும் மென்னுட்டே இருப்பீங்க. அப்புறம் தெளிஞ்சாலும் கொஞ்ச நேரம் கூப்பிட்டா ஒண்ணும் புரியாது. தானா செரியாயி, விட்ட எடத்துல இருந்து பேசுவீங்க."

"ஏன் சொல்லல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயந்துகொண்டுதான் பார்த்தாள். "சொன்னனுங்களே. டாக்டருகிட்டப் போலாம்னு மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் கத்துனீங்க. செவுத்துல இடிச்ச அன்னிக்குத்தான் நெஞ்சே வெடிச்சிருச்சு. அதுக்கப்புறம் தெனமும் கூடவே வந்தேன். ஹேண்ட்பிரேக்க இழுத்தா வண்டி நிக்கும்னு எங்கண்ணன் சொன்னாருங்க. எனக்கு வேற என்ன தெரியும்?"

சிக்னலில் கை தவறவில்லை. வண்டி தானாக முன்னால் மெல்ல நகர ஆரம்பித்திருக்கிறது, நான் கண்ணைத் திறந்தபடி நினைவில்லாமல் இருந்திருக்கிறேன். இழுத்து நிறுத்தியிருக்கிறாள். நான் தெளிந்ததும் முதல் வேலையாக அவளைத் திட்டியிருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. நான் அழுததற்கு அவள் அழுதாள். என் வாய்க்குப் பயந்து ஒருத்தி ஒரு மாதம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டைக்கோசு வாங்கப் போயிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

பெனாசிர் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். பூங்கொடி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நான் கொடுத்த வாக்கு, நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். தரை வழுக்கவில்லை என்று சொன்னேன். பெனாசிர் நின்றுகொண்டே கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு மாசமா எம் பொண்ணு உங்க வண்டியில வந்திருக்காளுங்ணா."

"ஆமாம்மா."

"உங்ககிட்டக் கேட்டனுங்களே. அனுப்பலாமான்னு வாயத் தொறந்து கேட்டனே!"

மன்னித்துவிடு என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். திறந்து கிடந்த கதவை நானே சாத்திவிட்டு வந்தேன். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 3, திங்கள்

காலை ஏழரைக்கு பெனாசிர் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பூங்கொடியிடம்தான் பேசினாள். "அக்கா, ஸ்கூல் வேன்ல ரெண்டு பேருக்கும் எடம் சொல்லிட்டேன். முக்குல வந்து நிக்கும்." இரண்டு பேருக்கும் என்றாள். எனக்கு அது போதும்.

மார்ச் 5, புதன்

நரம்பு டாக்டர். தலையெல்லாம் ஒயர் ஒட்டி மூளையின் அலைகளைத் தாளில் எடுத்தார்கள். இதுவும் வலிப்புதானாம். வலிப்பு என்றால் விழுந்து கை கால் இழுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை, ஒன்றிரண்டு நிமிடம் ஆள் நின்றபடியே விட்டுப்போய்விடுவான், பிறகு சில சமயம் அரை மணி நேரம் வரை குழப்பத்தில் இருப்பான், எதுவும் ஞாபகம் இருக்காது என்றார். அந்த நேரத்தில் நான் நடப்பேனா, பேசுவேனா, யார் சொல்வதாவது காதில் விழுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். "இவ்வளவு ஆர்வமா யாரும் கேட்டதில்ல சார்" என்றார். காலையிலும் இரவிலும் மாத்திரை. ஒரு வருஷத்துக்காவது ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, அதற்குப் பிறகும் அவர் சொன்னால்தான்.

தொட மாட்டேன் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

நந்தகோபால் கடைக்கு பஸ்ஸில் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்ணா" என்று டீ வாங்கிக் கொடுத்து, இன்னொரு செட்டும் கொடுத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். வெயில் ஏறுவதற்கு முன். நாள் நேரம் எதுவும் பூங்கொடி பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கலக்கினாள். துணி கட்டிய மூக்கோடு டிரில்லைப் பிடித்து, "அய்யோ, ஆள இழுக்குதுங்க!" என்று கத்திக்கொண்டே கலக்கினாள். கலந்ததும் நான் வாளியைத் தூக்கித் தரையில் கொட்டினேன். பின்சுவரிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்துகொண்டே வர வேண்டும். சாம்பல் நிறம். ரப்பர் கட்டையால் இழுத்தால் தானாகவே ஓடி மட்டமாகிறது. முள் ரோலரை மேலே உருட்டினால் உள்ளே சிக்கிய காற்று சின்னச் சின்னக் குமிழாக உடைகிறது. எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது.

காருக்கு இனி ஒரு வருஷம் இந்த ஷெட்டில் வேலை இல்லை. பூங்கொடியின் அண்ணன் வந்து எடுத்துப் போகப் போகிறார். பிறகு எதற்குத் தரை என்று எனக்கே தெரியவில்லை. ஆரம்பித்ததை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிருதுளாவைப் படியில் உட்கார வைத்திருந்தோம். பூங்கொடி இரண்டாவது வாளிக்கு டப்பா எடுக்க உள்ளே போனபோது, நான் முட்டி போட்டு ஓரத்தைத் தீட்டிக்கொண்டே சொன்னேன். "அம்மிணி, அப்பா அப்படியே நின்னுட்டா உடனே கூப்பிடோணும், தெரியுமா?"

"கூப்பிட்டா வர மாட்டீங்கப்பா" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன்.

"கூப்பிட்டுப் பாத்திருக்கேன். அதனால எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே இருந்தா வந்துருவீங்க. நாப்பதுக்குள்ள வந்துருவீங்க எப்பவும்."

"எப்பவுமா?"

"ஒரே ஒரு தடவ நூத்திப் பதினாலு. அம்மா கூட வர்றதுக்கு முன்னாடி. ரயில்வே கேட்ல. கேட் தொறந்துருச்சு, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க, நீங்க போகவே இல்ல. சமீரா அழுதா. எங்கப்பா வந்துருவாரு, நீயும் சேந்து எண்ணுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் எண்ணினோம். அப்புறம் வந்துட்டீங்க. எதுக்குடி அழுவறன்னு சமீராவக் கேட்டீங்க."

"ஏஞ்சாமி அப்பாகிட்டச் சொல்லல?"

"சொன்னா அம்மாவத் திட்டுவீங்க."

பிரஷ் கையில் இருந்தது. ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு முட்டி போட்டபடி இருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, முதுகுக்குப் பின்னால் மிக மெதுவாகக் கேட்டது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"இருக்கேன் சாமி" என்றேன். "இங்கதான் இருக்கேன்."